மாசகற்றலா, மாசுகளைவா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பிறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். இங்கே பினாங்கு, பிறைத் தொழிற்பேட்டையில் நடக்கவிருக்கும் இரசாயனக் கசிவு ஒத்திகைக்கு நான்கு மொழிகளில் பலகை அடிக்கிறார்கள். உடம்பில் பட்ட இரசாயனத்தை நீக்குவதற்கு மலாயில் 'டெகொந்தாமினாசி' என்று முடித்துவிட்டார்கள். தமிழுக்கு 'மாசகற்றல்' போடலாமா, வேறு என்ன போடுவது? பலகைக்கும் கையேட்டுக்கும் ஒரே சொல்லாக வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சு. 'தொற்றுநீக்கம்' வேண்டாம், அது கிருமிக்கு உரியது.

செந்தூலிலிருந்து:
நச்சகற்றல். நஞ்சு என்னும் மென்றொடர் வன்றொடராகி நச்சு, நச்சரவு போல. 'நச்சுதல்' விரும்புதல் ஆயிற்றே என்று யாரும் கிளம்ப வேண்டாம். உரையாசிரியர் நச்சினார்க்கினியரை நஞ்சுக்கு இனியவர் என்று எவரும் கொள்வதில்லை. 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்ற குறளில் வள்ளுவர் இரண்டு நச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
ஐயா, 'நச்சுநீக்கம்' இப்போது பழச்சாறு விளம்பரத்துக்குப் போய்விட்டது. பலகையைப் பார்த்தால் ஏதோ குடிக்கத் தருகிறார்கள் என்று நினைப்பார்கள். 'கழுவுமிடம்' என்று எழுதுங்கள். எல்லாருக்கும் புரியும்.

பிறையிலிருந்து:
புரியும், ஆனால் தவறாகப் புரியும். முதல் வேலை கழுவுவது அன்று, உடையைக் கழற்றுவது. உள்ளாடையோடு நிறுத்தினாலே மேலே படிந்ததில் பெரும்பகுதி போய்விடும். 80 முதல் 90 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு. சட்டையைத் தலைவழியே உருவக் கூடாது, முகத்தில் படும், கத்தரிக்க வேண்டும். திரவம் பட்டிருந்தால் உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தண்ணீர். இரண்டு பொம்பா (தீயணைப்பு) வண்டிகளை இணையாக நிறுத்தி, நடுவில் அழுத்தம் குறைந்த நீரைத் தாராளமாகத் தூவவிட்டு, ஆளுக்கு 60 முதல் 90 விநாடி. நேரம் கூடினால் சில இரசாயனங்கள் தோலுக்குள் இறங்கும். கடைசியில் துவட்டுவதும் ஒரு படிதான், அதுவும் கொஞ்சம் எடுக்கும். 'கழுவுமிடம்' என்றால் மக்கள் உடையோடு தண்ணீருக்குள் போவார்கள். நனைந்த துணி நஞ்சைத் தோலோடு ஒட்ட வைக்கும்.

கிள்ளானிலிருந்து:
அப்படியானால் சொல் கையிலேயே இருக்கிறது: மாசுகளைவு. உடையையும் களைகிறோம், மாசையும் களைகிறோம். 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம்' என்ற குறளில் உடுக்கையும் களைவதும் ஒன்றாகவே வருகின்றன. இரண்டாம் வேற்றுமைத் தொகை, மாசு நெடிற்றொடர்; வல்லினம் மிகாது.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
அண்ணே, அழகுதான். ஆனால் ஓடி வருகிறவன் கண்ணுக்கு அது 'மாசுகளை' என்று படும். மாசுகளை என்ன செய்ய? உண்ணவா? 'உடைகளைவு' என்றாலும் இதே கதைதான்.

பிறையிலிருந்து:
அந்தக் குறள் வேறு வகையில் பொருந்துகிறது. உடை நழுவினால் கை தானாக அங்கே போகும். மக்கள் கழற்ற மறுப்பதற்குக் காரணமும் அந்தக் கைதான். ஆண், பெண் தனி வரிசை, மறைப்புத் திரை, மாற்றுப் போர்வை மூன்றும் இல்லாமல் என்ன சொல் போட்டாலும் வரிசை நகராது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே கூடாது.

பட்டர்வொர்த் ஆசிரியை:
தனிமடலில் ஒருவர் 'தீட்டுக்கழிப்பு' என்று எழுதியிருந்தார். வேண்டாம். பாதிக்கப்பட்டவரைத் தீட்டானவர் ஆக்குகிற சொல் அது. 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. இப்படி ஒன்று வந்தால் இந்தச் சொல்லை முதலில் கேட்பது வகுப்பறைதான். ஒலிபெருக்கியில் பெயர்ச்சொல்லே வேண்டாம்: 'மேல்துணியைக் கழட்டுங்க. பையில போடுங்க. முகத்தைத் தொடாதீங்க. கையை விரிச்சு நடங்க.' ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது போதும்.

செந்தூலிலிருந்து:
'கழட்டுங்க' கொச்சை. கழற்றுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
ஐயா, கண் எரிந்துகொண்டு நிற்கிறவரிடம் றகரம் பேச முடியாது.

பிறையிலிருந்து:
இன்று வியாழன். மாசகற்றலுக்கு ஐவர், மாசுகளைவுக்கு இருவர், நச்சகற்றலுக்கு ஒருவர். கையேட்டில் 'மாசகற்றல்'. பலகையில் பெரிய எழுத்தில் 'உடை கழற்றிக் கழுவும் இடம்', கீழே சிறிதாக அந்தச் சொல். ஒலிபெருக்கிக்கு ஆசிரியை எழுதியதே. அனுப்பிவிடுகிறேன்.

கிள்ளானிலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அகற்றுதலுக்கு விரிவாக்குதல் என்றும் பொருள் உண்டு. 1995-இல் டோக்கியோவில் சாரின் என்னும் நச்சுப்பொருள் பட்டவர்கள் உடுத்திய உடையோடு மருத்துவமனைக்குள் போனார்கள்; துணியிலிருந்து கிளம்பிய ஆவியில் மருத்துவரும் தாதியரும் பாதிக்கப்பட்டார்கள். அங்கே நடந்ததுதான் மாசகற்றல்.