பலகையில் இருந்த பட்டமும் பதிவேட்டில் இருந்த பட்டமும்

கோத்தகிரியிலிருந்து ஒரு தந்தை:

எங்கள் மகள் கோவையில் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,600 கிராம். 22 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவளை அடிக்கடி மலையிறக்கி ஏற்ற முடியாது என்பதால், உள்ளூரிலேயே ஒரு மருத்துவரைத் தேடினோம். தனியார் மருத்துவமனை ஒன்றின் பலகையில் 'பச்சிளங்குழந்தை சிறப்பு நிபுணர்' என்றிருந்ததை நம்பி, வேறொன்றும் விசாரிக்காமல் உள்ளே போனோம். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் இருந்த விழித்திரைப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டதற்கு, "அவசரமில்லை, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்றார் மருத்துவர்.

குன்னூரில் செவிலியராக இருக்கும் என் அக்காவுக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். முத்திரையின் மை பரவியிருந்ததால் பதிவு எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்திலுள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் போட்டுப் பார்த்தோம். 8-க்கு அவர் பெயர் வந்தது. எம்.பி.பி.எஸ்., டி.சி.எச்., அவ்வளவுதான். டி.சி.எச். என்பது குழந்தை மருத்துவப் பட்டயம். பச்சிளங்குழந்தைகளுக்கென்றே உள்ள டி.எம். நியோநேட்டாலஜி, எம்.டி.க்குப் பிறகு மேலும் 3 ஆண்டு படிப்பது. கூடுதல் பட்டத்தைக் கவுன்சிலில் பதியாமல் விட்டவர்களும் உண்டு என்பதால், பதிவேட்டை மட்டும் வைத்து ஒருவரைக் குறை சொல்லக் கூடாது என்று நேரிலேயே கேட்டேன். "பலகை நிர்வாகம் வைத்ததுங்க" என்றார், சற்றுச் சங்கடத்துடன். எனக்கு அவர் மீதிருந்ததைவிடப் பலகை மீதுதான் கோபம் அதிகம்.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா சொன்ன அன்று, மகளுக்கு 27-ஆம் நாள். மறுநாள் விடியற்காலையில், மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக் கம்பளியால் மூடிக்கொள்ள, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு என் அம்மா கம்பளிக்குள் கைவிட்டுக் குழந்தையின் உள்ளங்கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தபடியே வந்தார். விழித்திரையில் லேசான மாற்றம் இருந்தது. இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொன்னார்கள்.

கொடைக்கானலிலிருந்து ஒரு தாய்:

எங்கள் அனுபவம் இதற்கு நேர்மாறானது. எங்கள் நிபுணரின் பட்டம், பதிவு எண் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அவர் மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வருபவர் என்பது, மகனுக்கு மூன்றாம் நாள், ஒரு செவ்வாய் இரவில் மஞ்சள் ஏறியபோதுதான் தெரிந்தது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்றார் என் மாமியார். டிசம்பர் மூடுபனியில் வெயிலுக்கு எங்கே போவது? வெயில் இருந்தாலும் அது நீல ஒளி சிகிச்சைக்கு ஈடாகாது. நள்ளிரவில் 108-ஐ அழைத்து வத்தலக்குண்டுக்கு இறங்கினோம்.

கோத்தகிரித் தந்தை:

நன்றி, சகோதரி. இப்போது பார்க்கும் மருத்துவரிடம் இன்று இதைத்தான் கேட்டேன். இரவுப் பணியில் இருப்பவரின் பெயரையும் எண்ணையும் சீட்டின் பின்புறம் அவரே எழுதிக் கொடுத்தார்.