குதிரை லாயத்துல வேலை பாத்துக்கிட்டே ஈவென்டிங் (ஒரே குதிரைய வச்சு மூணு விதமா நடக்குற போட்டி) கத்துக்கப் போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

திருமங்கலத்துப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு திருமங்கலம் பக்கம், டிகிரி முடிச்சாச்சு. அப்பா வண்டிப் பந்தயத்துக்கு குதிரை வச்சிருக்காரு, அதனால கொள்ளு ஊறப்போடுறது, தண்ணி காட்டுறது, தேச்சு விடுறது எல்லாம் சின்ன வயசுல இருந்தே பழக்கம். மதுரைல ஒரு ரைடிங் கிளாஸ்ல சேந்து ட்ராட் (துள்ளு நடை), கேன்டர் (மிதமான பாய்ச்சல்), சின்ன ஜம்ப் வரைக்கும் வந்துட்டேன். இப்ப பெங்களூரு பக்கம் ஒரு லாயத்துல வொர்க்கிங் ஸ்டூடன்ட்டா வர்றியானு கேக்குறாங்க. சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் தருவாங்க, லாயத்து வேலை பாத்தா ஈவென்டிங் சொல்லித் தருவாங்களாம். அப்பாவுக்கு சுத்தமா பிடிக்கல, "நம்ம குதிரைக்கு அள்ளுறது பத்தாதுன்னு ஊரான் குதிரைக்கு சும்மா அள்ளப் போறியா"னு ஒரே சத்தம். நிஜமாவே குதிரை ஏத்தி விடுவாங்களா இல்ல கடைசி வரைக்கும் லத்தி அள்ளுறதுதானா? பொண்ணு தனியா போய் இருக்கலாமா? இதுல பொழப்புக்கு வழி உண்டா?

வாடிப்பட்டியான்:
தங்கச்சி, நானும் இதே மாதிரி ஒரு லாயத்துல இருந்துட்டு வந்தவன்தான். ஏத்தி விடுவாங்க, ஆனா ஆரம்பத்துல ஒரு நாளைக்கு ஒரு குதிரை கிடைச்சாலே பெருசு, அதுவும் நீளக் கயித்துல வட்டமா சுத்தவிட்டு ஸ்டிரப் (சேணத்துல கால் வைக்கிற வளையம்) இல்லாம உக்கார வைப்பாங்க, தொடை ரெண்டும் கழண்டு போகும். மத்த நேரம் பூரா வேலைதான். விடியுறதுக்கு முன்னாடி தீவனம் வச்சு, ஈரமான மரத்தூள அள்ளிப் போட்டுட்டு புதுசு பரப்பி, குளம்பு சுரண்டி, சேணம் போட்டு கோச் வர்றப்ப குதிரை ரெடியா நிக்கணும், அவர் இறங்குனதும் நடத்தி ஆறவிட்டு கழுவி விடணும், சாயந்திரம் சேணம் கடிவாளம் எல்லாத்தையும் சோப்பு போட்டுத் துடைக்கணும், ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி தண்ணித் தொட்டி பாத்துட்டு ஒரு சுத்து வரணும்.

ஆனா அந்த லத்தி அள்ளுறத லேசா நினைக்காத. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, வயித்து வலி வந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. ராத்திரி லத்தி போடல, தீவனம் மிச்சம் கிடக்கு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, இதெல்லாம் காலைல லாயத்துக்குள்ள முதல்ல போறவங்க கண்ணுலதான் படும். எனக்கு அங்க இருந்த சீனியர் அக்கா முதல்ல கத்துக் கொடுத்தது ஜம்ப் இல்ல, கால் தடவிப் பாக்குறது. முன்னங்கால் முட்டிக்குக் கீழ பின்பக்கம் ஓடுற தசைநார மேல இருந்து கீழ மெதுவா தடவணும், உடனே அடுத்த கால தொட்டு ஒப்பிடணும், ஒண்ணு மட்டும் சூடா இருந்தாலோ கொஞ்சம் உப்பலா பட்டாலோ அன்னைக்கு ஓட்டம் கிடையாது, டாக்டருக்கு போன் போட்ருவாங்க. தினம் தடவுனாதான் எது அதுக்கு எப்பவும் இருக்குறது எது புதுசுன்னு கைக்குத் தெரியும். அதே மாதிரி நாடி. சும்மா நிக்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் துடிக்கும், தாடைக்கு அடில விரல் வச்சுப் பாக்கலாம். உங்க வீட்டுக் குதிரைகிட்டயே இன்னைக்கே ஆரம்பிச்சிரு.

மேலூர் வண்டிக்காரன்:
பாப்பா, நானும் பந்தயக் குதிரை வச்சிருக்கவன்தான், உங்கப்பா கோவம் எனக்குப் புரியுது, புள்ளைய யாரோ ஏமாத்திருவாங்களோங்கிற பயம்தான் அது. நம்ம வேலை வேற இது வேறனு அவருகிட்ட பொறுமையா எடுத்துச் சொல்லு. நம்மளுது ரோட்டுல வண்டியோட வேகமா ஓடணும், அவ்வளவுதான். ஈவென்டிங்ல ஒரே குதிரை மூணு பரீட்சை எழுதணும், முதல்ல ட்ரெஸ்ஸாஜ், சொன்ன இடத்துல சொன்ன அடி வச்சு அமைதியா ஆடணும். அடுத்து கிராஸ் கன்ட்ரி, திமுதிமுனு பாய்ஞ்சு மரக்கட்டை பள்ளம் தண்ணி எல்லாம் தாண்டணும், அங்க வைக்கிற தடை கட்டையெல்லாம் முட்டுனா விழாது, தாண்ட மாட்டேன்னு ஒரு தடவ நின்னா 20 பெனால்டி. அப்புறம் ஷோ ஜம்பிங், கம்பு அடுக்குன தடைகளத் தாண்டணும், ஒரு கம்பு விழுந்தா 4 பெனால்டி. முதல் நாள் பாய்ஞ்ச குதிரைய மறுநாள் கம்பு தட்டாம தாண்ட வைக்கிறதுதான் பெரிய வேலை.

சாதிச்சவங்க யாருனு அப்பா கேட்டா இதச் சொல்லு. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல ரகுபீர் சிங் தங்கம், 2018 ஜகார்த்தால ஃபவாத் மிர்சா வெள்ளி, அவரே டோக்கியோ ஒலிம்பிக்ல ஃபைனல் வரைக்கும் போய் 23வதா வந்தாரு. பெங்களூருப் பையன்.

ஆனா ஒண்ணு, கிராஸ் கன்ட்ரில விழுந்தா சாதா விழல் இல்ல, குதிரையே மேல உருண்டு உயிர் போயிருக்கு. ஹெல்மெட், பாடி புரொடெக்டர் யார் தருவா, இன்சூரன்ஸ் உண்டா, பக்கத்துல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், இதெல்லாம் கேக்காம அனுப்பாதீங்கனு நானே உங்கப்பாகிட்ட சொல்லுவேன். டெட்டனஸ் (டிடி) ஊசியும் போட்டுக்க.

சேணக்காரி:
பொண்ணுங்கிற கேள்விக்கு நான் சொல்றேன். ஒலிம்பிக்லயே ஆண் பெண்ணுனு பிரிக்காம ஒண்ணா போட்டி போடுற விளையாட்டு குதிரையேற்றம். டோக்கியோல ஈவென்டிங் தனிநபர் தங்கம் வாங்குனது ஜெர்மனியோட ஜூலியா க்ரயேவ்ஸ்கி, அந்தப் பிரிவுல தங்கம் வாங்குன முதல் பொண்ணு அவங்கதான். அதனால திறமையப் பத்தி யோசனையே வேணாம், இடத்தப் பத்தி மட்டும் யோசி. ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா, கூட வேற பொண்ணுங்க தங்குறாங்களா, வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா. ஓனர் பக்கத்துல இல்லாதப்ப அங்க இப்ப இருக்குற ஸ்டூடன்ட்கிட்ட பேசு, அவங்க முகமே பாதி சொல்லிரும்.

நான் முதல்ல இருந்த லாயத்துல சீசன் வந்ததும் எனக்குனு சொன்ன குதிரையெல்லாம் பீஸ் கட்டுறவங்களுக்குப் போயிரும், கேட்டா நாளைக்கு நாளைக்குனு சொல்லுவாங்க. எழுதி வாங்காததால எதையும் காட்டிக் கேக்க முடியல. இன்னொரு இடத்துல வாரத்துக்கு எத்தன லெசன், எத்தன குதிரை, எத்தன மணி நேர வேலைனு ஒரு பேப்பர்ல போட்டுக் கையெழுத்து வாங்கிட்டுதான் பெட்டிய இறக்குனேன், அங்கதான் கத்துக்கிட்டேன். அதக் கேட்டதும் மூஞ்ச திருப்புறாங்கன்னா அடுத்த பஸ்ஸுலயே திரும்பிரு.

பொழப்பு பத்தி உள்ளத சொல்றேன், போட்டில ஜெயிச்சு சம்பாதிக்கிறவங்க ரொம்பக் கம்மி, சொந்தக் குதிரை இல்லாதவங்களுக்கு அது இன்னும் கஷ்டம். ஆனா இளங்குதிரை பழக்குறது, ரைடிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்குறது, போட்டிக்குப் போற குதிரைகளுக்கு க்ரூமா (குதிரைய பராமரிக்கிற ஆளா) கூடப் போறது, இதுக்கெல்லாம் கை தெரிஞ்ச ஆளு கிடைக்காம தேடுறாங்க. நான் இப்ப சொல்லிக் கொடுத்துதான் வீட்டு வாடகை கட்டுறேன்.

திருமங்கலத்துப்பொண்ணு:
ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். மேலூர் அண்ணே எழுதுனத அப்பாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன், இன்சூரன்ஸ் விஷயத்துல மனுசன் சரியா சொல்றாருனாரு. நேர்ல வந்து பாத்துட்டுதான் சம்மதிப்பேன்னு சொல்லிட்டாரு, அதுவே எனக்குப் பெருசு. ட்ரயலுக்கு வர்றப்ப அங்க என்ன பாப்பாங்க? எதைப் பழகிட்டுப் போகணும்?

வாடிப்பட்டியான்:
அப்பாவோட போறது ரொம்ப நல்லது, மைசூர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலைல போய் இறங்கிரலாம். எவ்வளவு உயரம் தாண்டுறனு அங்க யாரும் பாக்க மாட்டாங்க, குதிரைகிட்ட எப்படிப் போற, கட்டுன குதிரைக்குப் பின்னாடி சுத்தி வர்றப்ப குரல் கொடுக்குறியா, வாரு (சேணத்த வயித்தோட சேத்துக் கட்டுற பட்டை) போட்டதும் திரும்ப ஒரு தடவ இறுக்கிப் பாக்குறியா, இதத்தான் கவனிப்பாங்க. ரைடிங்ல, சேணத்துல உக்காராம ஸ்டிரப்ல எந்திரிச்சு நின்னு குதிரை முதுகுக்கு பாரம் குடுக்காம கேன்டர் போறதப் பழகு, பிடரிய இழுத்துப் பிடிக்காம ரெண்டு மூணு நிமிஷம் அப்படி நிக்க முடிஞ்சா போதும். அது வரணும்னா கால்ல தெம்பு வேணும், தினம் மாடிப்படி ஏறி இறங்கு. எந்த ஊரு லாயம்னு எனக்கு தனியா மெசேஜ் போடு, அங்க இருந்த பசங்க ஒண்ணு ரெண்டு பேர எனக்குத் தெரியும், விசாரிச்சு சொல்றேன்.