புது மைக்கை விட போனில் எடுத்ததே தெளிவாக இருக்கிறது: வீணைப் பதிவுக்கு உதவி வேண்டும்

ஸ்ரீரங்கம்வாசி:

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. நாற்பது வருடமாக வீட்டிலேயே வீணை சொல்லித் தருகிறார். அவருக்குப் பாடமான வர்ணங்களை (கர்நாடக இசை உருப்படிகள்) அவர் கையாலேயே வாசிக்க வைத்து, ஒவ்வொன்றாகப் பதிவு செய்து மாணவிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. விரல் வலி அதிகமாகிக்கொண்டே போவதால் இனியும் தள்ளிப்போட முடியாது. போன வாரம் ஒரு கண்டென்சர் மைக் (ஸ்டுடியோவில் வைக்கும் வகை), ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஸ்டாண்ட், எக்ஸ்எல்ஆர் கேபிள் எல்லாம் வாங்கிவிட்டேன்.

பதிவு செய்து கேட்டால் வீணை பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் இருக்கிறது. சீலிங் ஃபேன் சத்தம் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. அடியில் ‘ம்ம்ம்’ என்று விடாத ஒரு ரீங்காரம் வேறு. அதே இடத்தில் போனை வைத்து எடுத்தது இதைவிடப் பல மடங்கு தெளிவு.

அறை 10க்கு 11 அடி. டைல்ஸ் தரை, மூன்றாவது மாடி. மைக் வீணையின் குடத்திலிருந்து மூன்றடி தூரத்தில் இருக்கிறது. மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பட்டன் போட்டிருக்கிறேன். கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் திருகு) முக்கால்வாசி திருப்பினால்தான் ஏதோ கேட்கிறது. கடைக்காரர், “டைனமிக் மைக்காக (மேடையில் பாடகர் பிடிக்கும் வகை) மாற்றிக்கொள்ளுங்கள், நான்கு நாளுக்குள் கொண்டு வாருங்கள்” என்கிறார். மாற்றலாமா?

கச்சேரிமேடை:

மாற்றிவிடுங்கள் சார். ஷூர் எஸ்எம்57 வாங்கினால் ஆயுசுக்கும் உழைக்கும். 1965இல் வந்த மைக், இன்னும் எல்லா மேடையிலும் இருக்கிறது. டைனமிக் அறைச் சத்தத்தை இழுக்காது. அது வேண்டாமென்றால் வீணையிலேயே ஒரு பிக்கப் ஒட்டிவிடுங்கள், ஃபேன் சத்தம் ஏறவே ஏறாது. சபாக்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

ஒலிக்கூடம்:

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மேடை நண்பர் சொல்வது மேடைக்குச் சரி. அங்கே பாடகரின் உதடு மைக்கில் ஒட்டியிருக்கிறது, அதனால் அறை கேட்பதில்லை. அதே டைனமிக்கை ஒரு அடி தள்ளி வைத்தால் அதுவும் அறையைக் கேட்கத்தான் செய்யும். வீணை சன்னமான வாத்தியம். ஒரு அடி தூரத்தில் டைனமிக் வைத்தால் கெயினை முழுக்கத் திருப்ப வேண்டியிருக்கும், அப்போது இன்டர்ஃபேஸின் ‘ஸ்ஸ்’ சத்தம் மேலே வந்துவிடும். இந்த வேலைக்குக் கண்டென்சர்தான் சரி.

பிக்கப் பற்றி ஒரு வார்த்தை. அது கம்பியின் அதிர்வையோ பலகையின் அதிர்வையோ மட்டும் எடுக்கும். குடத்துக்குள் காற்று முழங்கி வெளியே வருகிறதே, அது அதில் ஏறாது. ஆயிரம் பேர் உட்காரும் ஹாலில் வேறு வழியில்லை. வீட்டில், அம்மாவின் கை ஒலியைக் காப்பாற்ற நினைக்கும்போது அது வேண்டாம்.

உங்கள் விவரத்தில் ஒன்று இடிக்கிறது. மூன்றடி தூரம் அதிகம்தான், ஆனாலும் ஃபேன் வீணையை விடப் பெரிதாகக் கேட்கக் கூடாது. மைக்கை ஸ்டாண்டில் எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று ஒரு படம் போடுங்கள்.

ஸ்ரீரங்கம்வாசி:

படம் இணைத்திருக்கிறேன். மைக்கைக் கிடைமட்டமாகப் படுக்க வைத்து, அதன் நுனி குடத்தைப் பார்க்கும்படி வைத்திருக்கிறேன். மேடையில் பாடகர் பிடிப்பது போல.

ஒலிக்கூடம்:

விஷயம் இதுதான். உங்கள் மைக்கில் எந்தக் கோளாறும் இல்லை.

மேடையில் பார்க்கிற எஸ்எம்58 போன்ற மைக்குக்கு நுனிதான் வாய். உங்களுடையது அப்படியல்ல, அது பக்கவாட்டில் கேட்கும் மைக். ஏடி2020, ரோடு என்டி1 போன்ற பெரும்பாலான ஸ்டுடியோ கண்டென்சர்கள் இந்த வகைதான். வலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமான ஒரு தகடு செங்குத்தாக நிற்பது தெரியும். அந்தத் தகட்டின் முகம் எந்தப் பக்கமோ அதுதான் முன்பக்கம். அநேகமாக அந்தப் பக்கத்தில்தான் கம்பெனி முத்திரை இருக்கும்.

உங்கள் படத்தில் முத்திரை மேலே பார்க்கிறது. அதாவது மைக் நேராக உங்கள் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! வீணை அதன் தலைப்பக்கம் மாட்டிக்கொண்டது. போன் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரேபோல் கேட்பதால் அது ஜெயித்துவிட்டது.

மைக்கை நிமிர்த்தி நிறுத்துங்கள். முத்திரை வீணையைப் பார்க்கட்டும். அப்புறம் கிட்டே கொண்டு வாருங்கள், மூன்றடியை ஒன்றரை அடி ஆக்குங்கள். தூரம் பாதியானால் நேராக வரும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலி அப்படியே இருக்கும். கெயினைக் குறைத்து, அம்மா பலமாக மீட்டும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் இந்த அளவு தாராளம், சிவப்பு விளக்கு வரை தள்ள வேண்டியதில்லை.

ரீங்காரம் வேறு கதை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

ஸ்ரீரங்கம்வாசி:

அண்ணா, ரொம்ப நன்றி. மைக்கைத் திருப்பியதும் வீணை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கிய அந்த நொடியே ரீங்காரம் நின்றது. இன்னொன்று தெரிந்தது: சார்ஜர் மூன்று பின், நான் அதை இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தேன். லேப்டாப்பைத் தொட்டால் கையில் ‘சுர்’ என்கிறது என்று அம்மா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது மிச்சம் இரண்டு. மீட்டியதும் ஒரு ‘டிர்ர்’ என்ற வால் கேட்கிறது. அதோடு சுருதிப் பெட்டி, பின்னால் விடாமல் தம்புரா ஒலி கொடுக்கும் கருவி. அது இல்லாமல் அம்மா வாசிக்க மாட்டார். ஹெட்ஃபோன் போடவும் மறுக்கிறார். பெட்டியின் சத்தம் வீணை மேலேயே ஏறுகிறது.

ஒலிக்கூடம்:

அந்த ‘சுர்’ எர்த் இல்லாததன் அடையாளம். ஒழுங்கான மூன்று பின் பிளக் பாயிண்டில் போடுங்கள், அந்தப் பாயிண்டுக்கு எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். சத்தம் போக எர்த் பின்னை எடுத்துவிடு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

‘டிர்ர்’ இரண்டு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து போல் போய்வருவது. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள், அதே வால் கேட்கும். முட்டைத் தட்டு ஒட்டுவதில் பிரயோஜனம் இல்லை. கனமான, மெத்தென்ற பொருள்தான் வேண்டும். மைக் பார்ப்பது அம்மாவையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். எனவே முதலில் அந்தச் சுவரில் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். பீரோ நிறையப் புடவை இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள்.

சுருதிப் பெட்டிக்கு: உங்கள் மைக் கார்டியாய்ட் வகை. முன்னால் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் அநேகமாகச் செவிடு. பெட்டியை மைக்கின் நேர் முதுகில், அம்மாவுக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் வைத்து ஒலிக்க விடுங்கள். கொஞ்சம் ஏறத்தான் செய்யும். தம்புரா அடியில் லேசாக இருந்தால் கெட்டுப்போகாது.

மந்தரஸ்தாயி:

நான் வீணை ஆசிரியை. சில விஷயம் சேர்க்கிறேன் தம்பி. மைக்கை குடத்துக்கு நேரே, வலது கைக்கு முன்னால் வைத்தால் நகம் கம்பியில் படும் ‘டிக் டிக்’ தான் பெரிதாக வரும். குதிரைக்கும் (கம்பிகள் ஏறி உட்காரும் பாலம்) கடைசி மெட்டுக்கும் (கம்பியை விரலால் அழுத்தும் கட்டை) நடுவில் உள்ள பலகையைப் பார்க்கும்படி, ஒன்றரை முதல் இரண்டு சாண் உயரத்திலிருந்து சற்றே சாய்த்து வையுங்கள். அம்மாவைச் சும்மா ஒரு சரளி வரிசை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு மைக்கை விரற்கடை விரற்கடையாக நகர்த்துங்கள். கமகத்தில் கம்பியை இழுக்கும்போது கடைசிவரை ஒலி நின்று கேட்கிற இடம் ஒன்று இருக்கும். அங்கே ஸ்டாண்டை இறுக்கிவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள். மறுநாளும் அதே நாதம் வேண்டும் இல்லையா?

ஃபேனை நிறுத்தியதும் உடனே வாசிக்கச் சொல்லாதீர்கள். ஐந்து நிமிடம் விட்டு, சுருதி சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வெக்கையில் கம்பி இறங்கும்.

ஸ்ரீரங்கம்வாசி:

நன்றி அம்மா. இன்று விடியற்காலை ஃபேன் இல்லாமல் நான்கு வர்ணம் எடுத்தோம். தெருவில் பால் வண்டி போன சத்தம் அடியில் ‘டுர்ர்’ என்று லேசாக இருந்தது. மென்பொருளில் லோ கட் (அடி ஒலியை வெட்டும் வடிகட்டி) 100 ஹெர்ட்ஸில் போட்டதும் போய்விட்டது. இப்படியே எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாமா?

மந்தரஸ்தாயி:

வேண்டாம்! அம்மாவின் சுருதி எத்தனை கட்டை?

ஸ்ரீரங்கம்வாசி:

மூன்று.

மந்தரஸ்தாயி:

அப்படியானால் வீணையின் முதல் கம்பியான சாரணி சுமார் 165 ஹெர்ட்ஸ். அடுத்த கம்பிகள் பஞ்சமம் 124, மந்தரம் 82, அனுமந்தரம் 62 பக்கம். 100இல் வெட்டினால் மந்தரமும் அனுமந்தரமும் மேல் ஒலியோடு மட்டும் நிற்கும், கனம் போய்விடும். தானம் (தாளமில்லாமல் ராகத்தைத் துடிப்போடு விரிப்பது) வாசிக்கும்போது பரிதாபமாக இருக்கும்.

ஒலிக்கூடம்:

அம்மா சொல்வதுதான் சரி. வெட்டியே ஆக வேண்டுமென்றால் 40இல் போடுங்கள். அதற்கு மேல் வருகிற வண்டிச் சத்தத்துக்கு அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசிக்க வைப்பதே மேல். வடிகட்டாத அசல் கோப்பை எப்போதும் தனியாக வைத்திருங்கள், இரண்டு இடத்தில்.

ஸ்ரீரங்கம்வாசி:

லோ கட்டை எடுத்துவிட்டு அம்மாவிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். இத்தனை நாள் மறுத்தவர் இதற்கு மட்டும் மாட்டிக்கொண்டார். அனுமந்தரம் வந்த இடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தச் சொன்னார், திரும்பப் போடச் சொன்னார். பால் வண்டி போன வர்ணத்தை நாளைக்கு மறுபடி வாசிக்கிறேன் என்றிருக்கிறார். கடைக்காரரிடம் மைக்கை மாற்றவில்லை என்று சொல்லிவிட்டேன்.