முடக்குவாதம் உள்ளவர் கெந்திங்கில் எந்தச் சவாரியில் ஏறலாம்?

வணக்கம். நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை மலேசியாவின் கெந்திங் மலையில் உள்ள ஸ்கைவேர்ல்ட்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம். என் மனைவிக்கு (வயது 41) முடக்குவாதம், அதாவது மூட்டு அழற்சி நோய். கைத்தடியோடு நடப்பார், ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்காது. காலையில் மூட்டு விறைப்பு தளர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். கெந்திங் 6,000 அடி உயரம், அந்தக் குளிரில் இன்னும் இறுகிவிடும்.

போன வருடம் வேறொரு பூங்காவில் தாழ்வான பெட்டியில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் தவித்தார். பின்னால் வரிசை வேறு. இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினோம்.

முட்டி உறை, முன்கூட்டியே வலி மாத்திரை, எல்லாம் பார்த்தாச்சு. முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி உள்ளே வைக்கச் சொல்லிக்கொடுத்தார் பிசியோ. காரில் அது அருமையாக வேலை செய்கிறது. சவாரிப் பெட்டிகளில் பக்கத் தடுப்பு உயரமாக இருப்பதால் முடியவில்லை. மெத்தை வைத்து உயர்த்தினால் பாதுகாப்புக் கம்பி சரியாகப் பூட்டாது என்று மறுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். சக்கர நாற்காலி வரிசையில் நிற்கும் வேதனையைத் தீர்க்கும், ஏறுவதற்கு உதவாது. ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) இன்னும் எடுக்கவில்லை.

"நீங்க போங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை.

அங்கே போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: நாற்காலி உயரத்தில் இருக்கையும், ஏறி முடிக்கும்வரை அசையாமல் நிற்கும் பெட்டியும் உள்ள சவாரி எது?