இன்க்ளூட்: எப்போது என்பதை விட்டு, எது வருகிறது என்று பார்ப்போம்

வணக்கம்.

இணையப் பக்கம் எழுதும்போது ஒரு கோப்பை இன்னொன்றுக்குள் கொண்டுவருவதை இன்க்ளூட் என்கிறோம். அதன் இரண்டு வகைகளுக்கு 'தொகுப்புநேர உள்ளடக்கம்' (கம்பைல்-டைம் இன்க்ளூட்), 'இயக்கநேர உள்ளடக்கம்' (ரன்-டைம் இன்க்ளூட்) என்ற இணையை நானும் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனி வேண்டாம் என்பது என் கருத்து. 'உள்ளடக்கம்' ஏற்கெனவே கன்டென்ட்டுக்குப் போய்விட்டது, 'இணைப்பு' லிங்க்குக்குப் போய்விட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேரத்தை வைத்துப் பெயர் வைத்ததுதான் பெரிய குறை.

தருமபுரியில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவி, பாலக்கோட்டுத் தக்காளி விலையைக் காட்டும் ஜேஎஸ்பி (ஜாவாவில் இணையப் பக்கம் எழுதும் முறை) பக்கம் ஒன்று எழுதினார். பக்கத்தின் மேல்பகுதிக்குத் தனிக் கோப்பு வைத்து, அதை இன்க்ளூட் டைரக்டிவ் என்ற கட்டளை போட்டுச் சேர்த்திருந்தார். இரண்டிலும் 'விலை' என்ற பெயரில் ஒரு மாறி (வேரியபிள்). பக்கத்தைத் திறந்தால், ஒரே பெயரில் இரண்டு மாறி என்று பிழை வந்து நிற்கிறது. "அது வேற ஃபைல்தானே சார், இதோட எப்படி முட்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 'தொகுப்புநேரம்' என்ற சொல்லுக்குள் அதற்குப் பதில் இல்லை. சேர்க்கும் கோப்பின் வரிகள் அப்படியே இந்தப் பக்கத்துக்குள் வந்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே சர்வ்லெட்டாக (சர்வரில் ஓடும் ஜாவா நிரலாக) மாறுகின்றன. அதனால்தான் முட்டியது.

களியைச் சொல்லித்தான் அவருக்கு விளக்கினேன். நொய் வெந்து கொதிக்கும்போது கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிண்டுகிறோம். மாவு பச்சையாகத்தான் உள்ளே போகிறது, அந்தப் பானையிலேயே வேகிறது. அப்புறம் எது நொய், எது மாவு என்று யாரும் பிரிக்க முடியாது. டைரக்டிவ் இந்தக் களி மாதிரி. கீரைக் குழம்பு அடுத்த அடுப்பில் தன் உப்பு, புளியோடு வெந்து, வெந்த குழம்பாகவே தட்டுக்கு வருகிறது. ஜேஎஸ்பியின் இன்னொரு கட்டளையான இன்க்ளூட் ஆக்‌ஷன் இப்படித்தான்: கோரிக்கை வந்தபின் அந்தப் பக்கம் தனியாக ஓடுகிறது, அது தந்த விளைவு மட்டும் இங்கே வந்து சேர்கிறது. மாறிகள் முட்டாது. ஆனால் அப்படி அழைக்கப்பட்ட பக்கத்துக்குள் குக்கி (உலாவியில் சேமிக்கும் சிறு தகவல்) வைக்க முயன்றால் எடுபடாது.

நேரப் பெயர் முற்றிலும் இடறும் இடம் பிஎச்பி என்ற இணைய நிரல்மொழி. அதன் இன்க்ளூட் இயங்கும்போதுதான் நடக்கிறது. கோப்பின் பெயரை ஒரு மாறியிலிருந்துகூட எடுக்கலாம். ஆனாலும் உள்ளே வருவது பச்சை மாவு! அழைத்த இடத்தின் மாறிகள் எல்லாம் சேர்க்கப்பட்ட கோப்புக்கும் தெரியும். 'இயக்கநேர உள்ளடக்கம்' என்ற பெயரில் இதையும் ஜேஎஸ்பி ஆக்‌ஷனையும் ஒரே கூடையில் போட்டால், படிக்கிற பிள்ளை தப்பாகத்தான் புரிந்துகொள்ளும். 'நிலைச்சேர்ப்பு', 'இயங்குசேர்ப்பு' (ஸ்டாட்டிக், டைனமிக் இன்க்ளூட்) என்ற இணை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கும் இதே சிக்கல்.

எனவே நான் முன்வைப்பது: மூலச்சேர்ப்பு, விளைவுச்சேர்ப்பு. 'மூலநிரல்' (சோர்ஸ் கோட்) நமக்குப் பழகிய சொல் என்பதால் முதல் சொல் கேட்டவுடனே புரியும். 'சேர்க்கை' என்று வைத்தால் கல்லூரி அட்மிஷன் நினைவுக்கு வருகிறது, அதனால்தான் 'சேர்ப்பு'. நேரத்தையும் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னால் அடை கொடுத்துக்கொள்ளலாம்: பிஎச்பியில் நடப்பது 'இயக்கநேர மூலச்சேர்ப்பு'.

'விளைவு' என்பதில்தான் எனக்குத் தயக்கம். 'வெளியீடு' பொருளுக்கு இன்னும் நெருங்கி வருகிறது, ஆனால் மென்பொருள் வெளியீட்டோடு (ரிலீஸ்) குழம்பும். வேறு நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள். 'மூலச்சேர்ப்பு' என்பதை மட்டும் திங்கட்கிழமை வகுப்பிலிருந்தே பலகையில் எழுதத் தொடங்குகிறேன்.