அப்பா பெயரில் வாங்காத கடன், எப்படி நீக்குவது?

என் அப்பாவின் பான் எண்ணை வைத்து யாரோ ஒரு கடன் செயலியில் 38,000 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். அப்பாவிடம் இன்றும் பட்டன் போன்தான்.

ஊர் திருப்பூர். கடன் வாங்கிய தேதி மார்ச் 11. ஜூனில் வீட்டு மராமத்துக்கு வங்கியில் கடன் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கிரெடிட் ரிப்போர்ட்டில் பெயர், பிறந்த தேதி, பான் எல்லாம் சரி. மொபைல் எண்ணும் முகவரியும் மட்டும் வேறு. அந்த முகவரியில் இருக்கும் ஊருக்கு அப்பா போனதே இல்லை. எங்கோ கொடுத்த ஜெராக்ஸில் இருந்துதான் போயிருக்க வேண்டும். இப்போதெல்லாம் நகல் மேல் காரணமும் தேதியும் எழுதாமல் கொடுப்பதில்லை.

ரிப்போர்ட்டில் ஆட்சேபம் பதிவு செய்தோம். 30 நாள் கழித்து, 'கடன் கொடுத்தவர் உறுதி செய்துவிட்டார்' என்று பதில். அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு இரண்டு மெயில் போட்டும் தானியங்கிப் பதில்தான். முதல் மெயில் போட்டு 40 நாளாகிறது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் கொடுத்து ஒப்புகை எண் வாங்கிவிட்டோம். ஆதார் பயோமெட்ரிக்கையும் பூட்டியாயிற்று. ஒருவர் பெயரில் உள்ள சிம்களைக் காட்டும் அரசுத் தளமான சஞ்சார் சாத்தியில் பார்த்தால் அவர் பெயரில் அவருடைய சிம் மட்டும்தான் இருக்கிறது.

அந்த ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார் அப்பா. யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட.

அடுத்து ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகிறோம். அதற்கு எஃப்ஐஆர் கட்டாயமா, சைபர் புகாரின் ஒப்புகை எண்ணே போதுமா?