சாண எரிவாயுவிலிருந்து ஃப்யூல் செல்லுக்கு ஹைட்ரஜன் எடுக்க முடியுமா?

கேள்வி – வெண்ணாற்றங்கரை

மன்னார்குடிக்கு அருகே எங்கள் வீட்டில் எட்டு மாடுகளின் சாணத்தைக் கொண்டு எரிவாயுக் கலன் இயங்குகிறது. சமையலுக்குப் போக மிஞ்சும் வாயுவை நீராவியோடு சேர்த்து நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தி ஹைட்ரஜனாக்கி, கல்லூரிச் செயல்திட்டத்துக்காக வாங்கிய 500 வாட் பாலிமர் சவ்வு வகை ஃப்யூல் செல்லுக்கு (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) கொடுக்க எண்ணுகிறேன். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்? அடுப்பின் பித்தளை முனை ஆறே மாதத்தில் கருத்துவிடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மறுமொழி – குடந்தைக்காரர்

தம்பி, கடைசியாகச் சொன்ன பித்தளைதான் முதலில் கவனிக்க வேண்டியது. அதைக் கருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது சாண வாயுவிலுள்ள கந்தக வாயு, பத்து லட்சத்தில் சில பங்கே இருந்தாலும், நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வினை நடக்கும் இடங்களை அடைத்துவிடும். லேத்துப் பட்டறையில் கழியும் இரும்புச் சுருள்களை நனைத்துத் துருப்பிடிக்கவிட்டு, ஒரு பீப்பாயில் நிரப்பி, வாயுவை அதன் வழியே விடுங்கள். செந்துரு முழுவதும் கருக்கும் வரை அது கந்தகத்தைப் பிடிக்கும். கருத்த சுருள் காற்றுப் பட்டதும் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வைக்கோல் போர் பக்கம் கொட்டிவிடாதீர்கள். எஞ்சும் கந்தகத்துக்கு 350 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கிய துத்தநாக ஆக்சைடு வேண்டும்.

மறுமொழி – கொள்ளிடத்தான்

சாண வாயுவிலுள்ள மீத்தேனும் நீராவியும் சேரும் வினை ஒரு மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பத்தை விழுங்குவதால், 800 பாகையளவில் ஒரே பருத்த குழாயை வெளியிலிருந்து சுட்டால் சுவரோரம் செக்கச் சிவந்திருக்கும்போதே நடுவிலுள்ள வினையூக்கிக் குருணைகள் சூடு போதாமல் கிடக்கும். ஆகவே குறுகிய குழாய்கள் பலவற்றை அடுக்குங்கள். நீராவி மீத்தேனைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், இல்லையேல் கரி படியும்.

இதைவிடக் கடினம் அந்த வினையில் ஹைட்ரஜனோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடு. அதை இரும்பு–குரோமியம், பிறகு செம்பு–துத்தநாகம் என இரு அடுக்கு வினையூக்கிகளால் குறைத்தாலும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு எஞ்சும். 80 பாகையில் இயங்கும் உங்கள் செல்லின் வினையூக்கியான பிளாட்டினமோ பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் தாங்காது. மோனாக்சைடை மட்டும் எரிக்கும் இன்னொரு வினைகலம் தேவைப்படும். திட ஆக்சைடு வகை செல்லாக இருந்தால் மோனாக்சைடையே எரிபொருளாக ஏற்றுக்கொள்ளும். நீங்கள் முன்பே வாங்கிவிட்டீர்கள்! நச்சு வாயுவான மோனாக்சைடுக்கு மணமில்லை என்பதால், உலையைத் திறந்த வெளியில், எச்சரிக்கைக் கருவியோடு மட்டும் இயக்குங்கள்.

வெண்ணாற்றங்கரை

இருவருக்கும் நன்றி ஐயா. உலையை ஒத்திவைத்துப் பீப்பாயிலிருந்து தொடங்குகிறேன். வெளிவாயில் ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கருக்கும் ஈய அசிடேட் தாளைக் காட்டி, அது கருக்காதிருக்கும் நாள்களை எண்ணி எழுதுகிறேன்.